கர்னல் டைமரைக் கண்டுகொள்ளவில்லையா? குமரி மாவட்ட மாணவர்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குலசேகரம் பகுதிகளில் இறுதியாண்டுத் திட்டமாகச் சொந்தக் கர்னல் (இயங்குதளத்தின் மைய நிரல்) எழுதும் மாணவர்கள் இருக்கிறார்கள். பழைய டெஸ்க்டாப்பை வாங்கி லினக்ஸ் ஏற்றிப் பழகுகிறவர்களும் இருக்கிறார்கள். இரு தரப்பினரும் முட்டிக்கொண்டு நிற்கும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: வன்பொருள் டைமர், அதாவது கணினிக்குள் நேரத்தை எண்ணும் சுற்று. அவர்களிடமிருந்து வந்த கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கட்டளைகள், பதிவேடுகளின் (ரெஜிஸ்டர்களின்) பெயர்கள் எல்லாவற்றையும் ஒலிப்பில் எழுதியிருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது வழக்கமான ஆங்கில எழுத்துகளிலேயே தட்டுங்கள். "ஹெக்ஸ்" என்று வரும் இடங்களில் பதினாறடிமான எண்.

கேள்வி: "டைமர் கண்டுபிடிக்கப்படவில்லை" என்று வந்தால் மதர்போர்டு பழுது என்று அர்த்தமா?

அநேகமாக இல்லை. டைமர் சில்லு தனியாகச் செத்துப்போவது மிக அரிது. அது சிப்செட்டுக்குள்ளேயோ செயலிக்குள்ளேயோ இருக்கிறது. அது போனால் கூடவே வேறு பலவும் போயிருக்கும்.

"கண்டுபிடித்தல்" என்ற ஒரே பெயரில் மூன்று வேலைகள் நடக்கின்றன. முதலாவது, எண்ணி (கவுண்டர்) ஓடுகிறதா என்று பார்ப்பது. இரண்டாவது, அது என்ன வேகத்தில் ஓடுகிறது என்று அறிவது. மூன்றாவது, அதிலிருந்து கிளம்பும் இன்டரப்ட் (கைவேலையை நிறுத்தி என்னைக் கவனி என்னும் குறிப்பு) செயலிக்கு வந்து சேருகிறதா என்று உறுதிசெய்வது. இவற்றில் எது உடைந்தாலும் திரையில் வரும் செய்தி ஏறத்தாழ ஒன்றேதான். ஆகவே முதலில் இம்மூன்றையும் பிரித்துச் சோதியுங்கள். என்னிடம் வருகிற மாணவர்களில் பெரும்பாலோர் மூன்றாவதில் சிக்கல் இருக்கும்போது முதலாவதைத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். எண்ணி நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும். இன்டரப்ட் வழியில் எங்கேயோ மறிக்கப்பட்டிருக்கும்.

கேள்வி: ஒரு கணினியில் எதற்கு இத்தனை டைமர்கள்? எதை நம்புவது?

வரலாறு அப்படி. 1981இல் வந்த ஐபிஎம் பிசியில் இன்டெல் 8253 என்ற டைமர் இருந்தது. அதன் வாரிசான 8254ஐத்தான் இன்றும் பிஐடி என்கிறோம். 1.193182 மெகாஹெர்ட்ஸில் ஓடும். போர்ட்கள் (செயலி அதோடு பேசும் முகவரிகள்) ஹெக்ஸ் 40 முதல் 43 வரை. 16 பிட் மட்டுமே என்பதால் அதிகபட்சம் 55 மில்லி விநாடிக்கு ஒருமுறை சுற்று முடிந்துவிடும். பழைய டாஸ் காலத்து "விநாடிக்கு 18.2 துடிப்பு" இங்கிருந்து வந்ததுதான்.

பிறகு ஆர்டிசி, 32.768 கிலோஹெர்ட்ஸில் அதிரும் படிகம், மின்கலத்தில் ஓடும் நாள்காட்டிக் கடிகாரம், போர்ட்கள் ஹெக்ஸ் 70, 71. ஏசிபிஐ (வன்பொருள் விவரங்களை அட்டவணைகளாக இயங்குதளத்துக்குத் தரும் தரநிலை) வந்தபோது பிஎம் டைமர் வந்தது, 3.579545 மெகாஹெர்ட்ஸ், சிலவற்றில் 24 பிட், சிலவற்றில் 32 பிட். அதற்கும் பிறகு வந்தது எச்பிஇடி; குறைந்தது 10 மெகாஹெர்ட்ஸ் வேகமும் மூன்று ஒப்பீட்டிகளும் (எண்ணி குறித்த எண்ணை எட்டியதா என்று பார்ப்பவை) இருக்க வேண்டும் என்பது அதன் விதி. செயலிக்குள் இருப்பவை இரண்டு: பென்டியத்திலிருந்து வரும் டிஎஸ்சி என்ற துடிப்பு எண்ணி, ஒவ்வொரு கோருக்கும் தனித்தனியாக இருக்கும் லோக்கல் ஏபிக் டைமர் (ஏபிக் என்பது இன்டரப்ட்களைச் செயலியிடம் சேர்க்கும் பகுதி).

இந்த எண்களை ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். 14.31818 மெகாஹெர்ட்ஸை 12ஆல் வகுத்தால் பிஐடி. 4ஆல் வகுத்தால் பிஎம் டைமர். வகுக்காமல் அப்படியே விட்டால் பல பலகைகளின் எச்பிஇடி. அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சிக்கான படிகம் மலிவாகக் கிடைத்ததால் அன்று பிசிக்குள் வந்தது. அதன் வழித்தோன்றல்கள் இன்னும் நம் மேசையில் ஓடிக்கொண்டிருக்கின்றன. உங்கள் அளவீடு மூன்று மடங்கோ நான்கு மடங்கோ பிசகினால், ஒரு டைமரின் வேகத்தை இன்னொன்றுக்கு எழுதிவிட்டீர்கள் என்று உடனே சந்தேகப்படுங்கள்.

கேள்வி: லினக்ஸ் எந்த டைமரைத் தேர்ந்தெடுத்தது என்று எங்கே பார்ப்பது?

சிஸ் அடைவில் டிவைசஸ், சிஸ்டம், கிளாக்சோர்ஸ், கிளாக்சோர்ஸ்0 என்று வரிசையாக இறங்குங்கள். அங்கே "அவைலபிள் கிளாக்சோர்ஸ்" என்ற கோப்பு கண்டுபிடித்தவற்றையும், "கரன்ட் கிளாக்சோர்ஸ்" என்ற கோப்பு இப்போது பயன்பாட்டில் இருப்பதையும் சொல்லும். ஒவ்வொரு டைமருக்கும் கர்னல் ஒரு தரமதிப்பு வைத்திருக்கிறது: டிஎஸ்சி 300, எச்பிஇடி 250, ஏசிபிஐ பிஎம் 200. எண் கூடுதலாக உள்ளதே முதல் தேர்வு. "ஜிஃபீஸ்" (கர்னல் தானே வைத்திருக்கும் துடிப்புக் கணக்கு) மட்டும்தான் பட்டியலில் இருக்கிறது என்றால் உண்மையிலேயே எதுவும் அகப்படவில்லை என்று பொருள்.

இவை நேரத்தை வாசிப்பதற்கான டைமர்கள். இன்டரப்ட் எழுப்பும் டைமர் எது என்பதை ப்ராக் அடைவில் உள்ள "டைமர் லிஸ்ட்" கோப்பில் பாருங்கள். "இன்டரப்ட்ஸ்" கோப்பை ஒரு விநாடி இடைவெளியில் இருமுறை வாசித்து, லோக்கல் டைமர் வரியில் எண் ஏறுகிறதா என்று பார்த்தால் மூன்றாவது சோதனையும் முடிந்தது.

கேள்வி: பட்டியலில் எச்பிஇடி இல்லை. ஆனால் பலகையின் விவரக் குறிப்பில் இருக்கிறது என்று போட்டிருக்கிறதே?

மூன்று இடங்களில் தேடுங்கள். பயாஸ் அமைப்பில் எச்பிஇடி அணைக்கப்பட்டிருக்கலாம். பழைய பலகைகளில் இது சாதாரணம். பயாஸ் அதை இயக்கிவிட்டு ஏசிபிஐ அட்டவணையில் எழுதாமல் விட்டிருக்கலாம். அப்போது பூட் வரியில் "எச்பிஇடி ஈக்வல்ஸ் ஃபோர்ஸ்" கொடுத்தால், கர்னலுக்குத் தெரிந்த சில சிப்செட்களில் நேரடியாகப் போய் எழுப்பிவிடும். மூன்றாவது, கர்னலே வேண்டுமென்று ஒதுக்கியிருக்கலாம். இன்டெல் காஃபி லேக் இயந்திரங்களில் செயலி ஆழ்ந்த உறக்கத்துக்குப் போனால் எச்பிஇடியும் நின்றுவிடுகிறது என்று தெரிந்து, 2019இல் லினக்ஸ் அதை அந்த வகைகளில் முடக்கியது. அங்கே எச்பிஇடி இல்லாதது பிழையன்று. வலுக்கட்டாயமாகத் திருப்பிக் கொண்டுவர முயலாதீர்கள்.

கேள்வி: என் சொந்தக் கர்னலில் ஏசிபிஐ அட்டவணையையே கண்டுபிடிக்க முடியவில்லை, சார். எங்கே தவறு?

யுஇஎஃப்ஐ (பயாஸுக்குப் பின் வந்த புதிய ஃபர்ம்வேர்) வழியாகப் பூட் செய்கிறீர்களா, பழைய பயாஸ் வழியாகவா? முதலில் இதற்குப் பதில் வேண்டும். பழைய முறையில், இபிடிஏ என்ற பயாஸ் நினைவகப் பகுதியின் முதல் ஒரு கிலோபைட்டிலும், ஹெக்ஸ் இ0000 முதல் எஃப்எஃப்எஃப்எஃப்எஃப் வரையிலும், அட்டவணைகளுக்கு வழிகாட்டும் அடையாளச் சொல்லை 16 பைட் எல்லைகளில் தேட வேண்டும். யுஇஎஃப்ஐயில் அப்படித் தேடவே கூடாது. ஃபர்ம்வேர் தன் கட்டமைப்புப் பட்டியலில் முகவரியைத் தருகிறது, அதை வாங்கிப் பத்திரப்படுத்திக் கர்னலுக்குக் கொடுப்பது பூட்லோடரின் (கர்னலை ஏற்றும் நிரலின்) வேலை. மார்த்தாண்டம் பக்கத்து மாணவர் ஒருவர் புது லேப்டாப்பில் இ0000 பகுதியை அலசிக்கொண்டிருந்தார். பழைய நிரலை அப்படியே எடுத்துப் போட்டதன் விளைவு. பூட்லோடர் கொடுத்த முகவரி அவருடைய தொடக்கச் செயற்கூற்றின் அளவுருவில் கேட்பாரின்றிக் கிடந்தது.

தேடும் அடையாளச் சொல் எட்டு எழுத்து: ஆர், எஸ், டி, இடைவெளி, பி, டி, ஆர், கடைசியிலும் ஓர் இடைவெளி. அந்தக் கடைசி இடைவெளியை விட்டுவிட்டு ஏழு எழுத்தை எட்டாக ஒப்பிட்டால் என்றைக்கும் பொருந்தாது.

அட்டவணைகளின் பெயரிலும் ஒரு பொறி இருக்கிறது. பிஎம் டைமரின் போர்ட் எண் எஃப்ஏடிடி அட்டவணையில் இருப்பதாக ஆவணம் சொல்லும். ஆனால் நினைவகத்தில் அதன் அடையாளம் "எஃப்ஏசிபி". இன்டரப்ட் இணைப்புகளைச் சொல்லும் எம்ஏடிடி அட்டவணையின் அடையாளம் "ஏபிஐசி". ஆவணத்தில் உள்ள பெயரையே தேடினால் ஒன்றும் கிடைக்காது. எச்பிஇடி அட்டவணை மட்டும் நல்ல பிள்ளையாகத் தன் பெயரிலேயே இருக்கிறது. ஒவ்வோர் அட்டவணையிலும் எல்லா பைட்களையும் கூட்டினால் கடைசி எட்டு பிட் பூஜ்யமாக வர வேண்டும். அந்தக் கூட்டலைச் செய்யாமல் உள்ளே இருப்பதை நம்பாதீர்கள்.

கேள்வி: எச்பிஇடி முகவரி கிடைத்துவிட்டது. ஆனால் வாசித்தால் எல்லாம் எஃப் ஆகவோ, மாறாத ஒரே எண்ணாகவோ வருகிறது.

எல்லாம் எஃப் என்றால் அந்த முகவரியில் பதில் சொல்ல எதுவும் இல்லை. பல பலகைகளில் எச்பிஇடி ஹெக்ஸ் எஃப்இடி00000 என்ற முகவரியில் இருக்கும். அதற்காக அந்த எண்ணை நிரலில் நேரடியாக எழுதிவிடக் கூடாது, அட்டவணை சொல்வதையே எடுங்கள். பக்க அட்டவணையில் சரியான இடத்தோடு இணைத்திருக்கிறீர்களா என்பதையும் பாருங்கள்.

மாறாத எண் என்றால் காரணம் பெரும்பாலும் எளிது: எண்ணியை யாரும் ஓடவிடவில்லை. ஹெக்ஸ் 10 இடத்தில் உள்ள பொதுக் கட்டமைப்புப் பதிவேட்டின் பிட் 0ஐ 1 ஆக்கினால்தான் ஹெக்ஸ் எஃப்0 இடத்தில் உள்ள முதன்மை எண்ணி ஓடத் தொடங்கும். அதைச் செய்தும் எண் மாறவில்லை என்றால் சி நிரலைப் பாருங்கள். சுட்டியை "வோலடைல்" என்று அறிவிக்காவிட்டால், கம்பைலர் ஒருமுறை வாசித்து வைத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பத் தரும். அந்தப் பக்கத்துக்குக் கேஷ் அணைக்கப்பட்டிருக்கவும் வேண்டும். பயாஸ் அமைத்துவைத்த எம்டிஆர்ஆர் (எந்த முகவரிக்குக் கேஷ் என்று சொல்லும் பதிவேடுகள்) பல பலகைகளில் உங்களைக் காப்பாற்றிவிடும் என்பது உண்மைதான்; அடுத்த பலகையிலும் காப்பாற்றும் என்று இருந்துவிடாதீர்கள்.

சரியாக வாசித்தால் என்ன வரும் என்று ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். பழைய இன்டெல் பலகை ஒன்றின் முதல் பதிவேட்டில் ஹெக்ஸ் 0429பி17எஃப்8086ஏ201 என்று இருக்கிறது. இடப்பக்க எட்டு இலக்கம், 0429பி17எஃப், ஒரு துடிப்பின் நீளத்தை ஃபெம்டோ விநாடியில் தருகிறது. பதின்ம எண்ணாக மாற்றினால் 69841279. ஒரு விநாடியை அதால் வகுத்தால் 14.318 மெகாஹெர்ட்ஸ், மேலே சொன்ன அதே படிகம். நடுவில் உள்ள 8086 இன்டெல்லின் அடையாள எண். ஏ201இல், 8 முதல் 12 வரையிலான பிட்கள் 2 என்கின்றன. அதோடு ஒன்றைக் கூட்டினால் மூன்று ஒப்பீட்டிகள். பிட் 13 எழும்பியிருப்பதால் எண்ணி 64 பிட். பிட் 15 எழும்பியிருப்பதால் பிஐடியின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் திறனும் அதற்கு உண்டு. உங்கள் பலகையின் எண்ணை ஒரு தாளில் இப்படிப் பிரித்து எழுதிப் பாருங்கள். துடிப்பின் நீளம் பூஜ்யமாகவோ பத்து கோடி ஃபெம்டோ விநாடிக்கு மேலாகவோ வந்தால் நீங்கள் வாசிப்பது எச்பிஇடியே அல்ல.

32 பிட் கர்னலில் 64 பிட் எண்ணியை இரண்டு பாதியாக வாசிப்பவர்கள் மேல்பாதி, கீழ்ப்பாதி, மறுபடி மேல்பாதி என்று வாசித்து, மேல்பாதி இரண்டும் ஒன்றாக இருந்தால் மட்டும் ஏற்க வேண்டும்.

கேள்வி: பிஐடியை நூறு ஹெர்ட்ஸுக்கு அமைத்தேன். ஒரே ஒரு இன்டரப்ட் வந்து நின்றுவிடுகிறது. சிலருக்கு ஒன்றுகூட வருவதில்லை. ஏன்?

அதிகம் வரும் கேள்வி இதுதான். கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

ஒன்று மட்டும் வந்து நின்றால் இஓஐ (இன்டரப்டைக் கையாண்டு முடித்தேன் என்ற அறிவிப்பு) அனுப்பவில்லை. கையாளும் நிரலின் முடிவில் போர்ட் ஹெக்ஸ் 20க்கு ஹெக்ஸ் 20 எழுத வேண்டும். அதுவரை 8259 (இன்டரப்ட்களைச் செயலிக்கு அனுப்பும் பழைய சில்லு) அதே வரிசையில் அடுத்ததைத் தராது. ஊகிக்க வேண்டாம், 8259இடமே கேட்கலாம்: போர்ட் 20க்கு ஹெக்ஸ் 0பி எழுதிவிட்டு அதே போர்ட்டை வாசித்தால், கையாளப்பட்டுக்கொண்டிருக்கும் இன்டரப்ட்களின் பதிவேடு வரும். கையாளும் நிரல் முடிந்த பிறகும் அதில் பிட் 0 எழும்பியே இருந்தால் இஓஐ போகவில்லை என்பது உறுதி.

ஒன்றுமே வரவில்லை என்றால் மூலத்திலிருந்து செயலி நோக்கி நடந்து வாருங்கள். முதலில் எண்ணி: போர்ட் 43க்கு 0 எழுதி, போர்ட் 40ஐ இருமுறை வாசித்துக் கீழ் பைட், மேல் பைட் இரண்டையும் சேருங்கள், சிறிது பொறுத்து மறுபடி செய்யுங்கள். எண் மாறினால் பிஐடி உயிரோடு இருக்கிறது. அடுத்து, போர்ட் 20க்கு ஹெக்ஸ் 0ஏ எழுதி வாசியுங்கள். இது காத்திருக்கும் கோரிக்கைகளின் பதிவேடு. பிட் 0 எழும்பியிருந்தால் இன்டரப்ட் 8259 வரை வந்துவிட்டது. தடை அதற்கு அப்பால். போர்ட் 21இல் இன்டரப்டை மறிக்கும் முகமூடிப் பிட் 0 ஒன்றாக இருக்கிறதா? செயலியில் இன்டரப்ட்களை அனுமதிக்கும் எஸ்டிஐ கட்டளை ஓடியதா?

எஸ்டிஐ கொடுத்தவுடனே டபுள் ஃபால்ட் (ஒரு பிழையைக் கையாளும்போதே வரும் இன்னொரு பிழை) வருகிறது என்று சிலர் பதறுகிறார்கள். அது டபுள் ஃபால்டே அல்ல. பயாஸ் விட்டுச்சென்ற அமைப்பில் ஐஆர்க்யூ 0 (டைமரின் இன்டரப்ட் வழி) என்பது எட்டாவது வெக்டர் (எந்தக் கையாளும் நிரல் என்று சொல்லும் எண்). பாதுகாப்பு முறையில் எட்டாவது வெக்டர் டபுள் ஃபால்டுக்கு உரியது. 8259ஐ 32ஆவது வெக்டரிலிருந்து தொடங்கும்படி மாற்றி அமைக்காமல் எஸ்டிஐ கொடுத்தால் டைமரின் முதல் துடிப்பே அங்கே போய் விழும்.

8259ஐ விட்டு அதன் புதிய மாற்றான ஐஓ-ஏபிக்குக்கு மாறியவர்களுக்கு வேறு ஒரு சிக்கல். ஐஆர்க்யூ 0 என்பதால் ஐஓ-ஏபிக்கின் 0ஆம் காலில் எதிர்பார்த்துக்கொண்டு இருப்பார்கள். பல பலகைகளில் அது இணைக்கப்பட்டிருப்பது 2ஆம் காலில். எம்ஏடிடி அட்டவணையில் "இன்டரப்ட் சோர்ஸ் ஓவர்ரைடு" என்ற வகைப் பதிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. அந்தப் பதிவுகளை வாசிக்காமல் ஐஓ-ஏபிக்கைத் தொடவே வேண்டாம்.

கடைசியாக, எச்பிஇடியின் கட்டமைப்புப் பதிவேட்டில் பிட் 1. அது எழும்பியிருந்தால் ஐஆர்க்யூ 0ஐ எச்பிஇடி எடுத்துக்கொண்டது. பிஐடி எவ்வளவு ஓடினாலும் அதன் இன்டரப்ட் வெளியே வராது.

கேள்வி: க்யூஎமு என்ற மெய்நிகர் கணினியில் அழகாக ஓடுகிறது. நிஜக் கணினியில் "டைமர் அளவிடுகிறது" என்ற வரியோடு உறைந்து நிற்கிறது.

உங்கள் நிரல் பிஐடி ஓடும் என்று நம்பி, அதன் எண்ணி பூஜ்யத்தை எட்டும்வரை முடிவில்லாத சுழற்சியில் காத்திருக்கிறது. க்யூஎமுவில் பிஐடி எப்போதும் ஓடும். புதிய இன்டெல் சிப்செட்களில் மின்சாரத்தை மிச்சப்படுத்த 8254க்குப் போகும் துடிப்பையே ஃபர்ம்வேர் நிறுத்திவைக்கலாம். போர்ட் பதில் சொல்லும், எண் மட்டும் அசையாது.

எனவே வன்பொருளுக்காகக் காத்திருக்கும் எந்தச் சுழற்சிக்கும் ஓர் உச்சவரம்பு வையுங்கள். இத்தனை முறை வாசித்தும் எண் மாறவில்லையா, பிஐடியைக் கைவிட்டு எச்பிஇடிக்கோ பிஎம் டைமருக்கோ போங்கள். புதிய இன்டெல் செயலிகளில், செயலியின் விவரம் சொல்லும் சிபியுஐடி கட்டளையின் ஹெக்ஸ் 15 பகுதி, டிஎஸ்சிக்கும் மூலப் படிகத்துக்கும் உள்ள விகிதத்தைத் தருகிறது. படிகத்தின் வேகமும் அதில் நிரப்பப்பட்டிருந்தால் அளவிடவே தேவையில்லை.

இன்னொரு வேறுபாடும் இருக்கிறது. பயாஸ் வழக்கமாகப் பிஐடியை மோட் 3இல் விட்டுச்செல்லும். அந்த மோடில் எண்ணி ஒவ்வொரு துடிப்புக்கும் இரண்டிரண்டாகக் குறையும். அதைக் கவனிக்காமல் எண்ணிக்கையை வைத்து நேரம் கணக்கிட்டால் எல்லாம் இரட்டை வேகமாகத் தெரியும். அளவிடுவதற்கு மோட் 2ஐயோ மோட் 0ஐயோ நீங்களே அமைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: லோக்கல் ஏபிக் டைமரின் வேகத்தை எந்தப் பதிவேட்டிலும் காணவில்லையே. எப்படி அறிவது?

தெரிந்த ஒன்றோடு ஒப்பிட்டு. நாகர்கோவில் மணிமேடைக் கடிகாரத்தைப் பார்த்துக் கைக்கடிகாரத்தைச் சரிசெய்வது போலத்தான். 1893இல் திறக்கப்பட்ட அந்த மணிக்கூண்டு இங்கே பிஐடியின் இடத்தில் இருக்கிறது.

ஏபிக்கின் வகுப்பியை 16க்கு வையுங்கள். ஹெக்ஸ் 380 இடத்தில் தொடக்க எண்ணாக எட்டு எஃப் எழுதுங்கள். பிஐடியின் சேனல் 2இல் 11932 எழுதி 10 மில்லி விநாடி ஓடவிடுங்கள். சேனல் 2க்கு இன்டரப்ட் தேவையில்லை. போர்ட் ஹெக்ஸ் 61இன் பிட் 0ஆல் தொடங்கி, பிட் 5 எழும்புகிறதா என்று பார்த்தால் போதும். பிட் 1ஐ அணைத்து வையுங்கள், இல்லாவிட்டால் ஸ்பீக்கர் கத்தும். பிட் 5 எழும்பியதும் ஹெக்ஸ் 390ஐ வாசித்தால், எட்டு எஃப்பிலிருந்து எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதே 10 மில்லி விநாடிக்கான எண்ணிக்கை.

ஒருமுறை அளந்து விட்டுவிடாதீர்கள். அளவிடும் நடுவே ஃபர்ம்வேர் தன் எஸ்எம்ஐ வேலைக்காகச் செயலியைப் பிடுங்கிக்கொள்ளலாம். உங்கள் கர்னலுக்கு அது தெரியவே தெரியாது. அப்படி நடந்தால் எண்ணிக்கை கூடும், ஒருபோதும் குறையாது. ஆகவே சிலமுறை அளந்து ஆகக் குறைந்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: லினக்ஸ் பூட் ஆகும்போது "ஃபாஸ்ட் டிஎஸ்சி காலிபரேஷன் ஃபெயில்டு" என்று வருகிறது. பயப்பட வேண்டுமா?

வேண்டாம். விரைவு வழி பலிக்கவில்லை. கர்னல் மெதுவான வழிக்குப் போகிறது. சில வரிகள் தள்ளி செயலியின் மெகாஹெர்ட்ஸ் சரியாக அச்சாகியிருந்தால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: "டிஎஸ்சி அன்ஸ்டேபிள்" என்று சொல்லி எச்பிஇடிக்கு மாறிவிட்டது. "டிஎஸ்சி ஈக்வல்ஸ் ரிலையபிள்" கொடுத்தால் சரியாகிவிடும் என்று நண்பர் சொல்கிறார்.

செய்தி மறையும், நோய் மறையாது. அந்த அளவுரு, டிஎஸ்சியைக் கண்காணிக்கும் காவலரை நிறுத்திவிடுகிறது. லினக்ஸ் அரை விநாடிக்கு ஒருமுறை டிஎஸ்சியை வேறொரு டைமரோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால்தான் அந்தச் செய்தி வந்தது.

முதலில் சிபியுஇன்ஃபோ கோப்பில் "கான்ஸ்டன்ட் டிஎஸ்சி", "நான்ஸ்டாப் டிஎஸ்சி" என்ற இரண்டு கொடிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். முதலாவது, செயலியின் வேகம் மாறினாலும் டிஎஸ்சி சீராக ஓடும் என்கிறது. இரண்டாவது, உறக்கத்திலும் நிற்காது என்கிறது. பழைய இரட்டைக் கோர் இயந்திரங்களில் இரண்டாவது பெரும்பாலும் இருக்காது. அவற்றில் எச்பிஇடிக்கு மாறியது கர்னலின் சரியான முடிவு. நேரம் கேட்கும் ஒவ்வொரு முறையும் நிரல் கர்னலுக்குள் போய்வர வேண்டியிருப்பதால் வேகம் குறையும். தவறான நேரத்தைவிட அது மேல்.

இரண்டு கொடிகளும் இருந்தும் இந்தச் செய்தி வந்தால் பயாஸைப் புதுப்பித்துப் பாருங்கள். மெய்நிகர் இயந்திரத்துக்குள் ஓடுகிறீர்கள் என்றால் புரவலர் கணினி சுமையில் திணறியிருக்கவும் கூடும்.

கேள்வி: எங்கள் ஊரில் அடிக்கடி மின்வெட்டு. லேப்டாப் பேட்டரிக்கு மாறியதும் என் கர்னலில் டைமர் தடுமாறுகிறது. இன்வெர்ட்டரின் 50 ஹெர்ட்ஸ் ஒழுங்காக இல்லாததாலா?

இல்லை. கணினியின் டைமர் எதுவும் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸைப் பார்ப்பதில்லை. அடாப்டர் தருவது நேர்மின்சாரம். டைமர்கள் படிகத்தில் ஓடுகின்றன.

ஆனால் நீங்கள் கண்டது உண்மையான அறிகுறி. பேட்டரிக்கு மாறியதும் ஃபர்ம்வேர் செயலியை ஆழ்ந்த உறக்க நிலைகளுக்கு அனுமதிக்கலாம். பழைய செயலிகளில் அந்த உறக்கத்தில் லோக்கல் ஏபிக் டைமர் நின்றுவிடும். நிற்காத வகையா என்பதை சிபியுஐடி ஹெக்ஸ் 06இல் ஈஏஎக்ஸின் பிட் 2 சொல்லும். ஏஆர்ஏடி என்பது அதன் பெயர். அந்தப் பிட் இல்லாவிட்டால், உறங்கப்போகும் முன் எச்பிஇடியையோ பிஐடியையோ எழுப்பும் பொறுப்பில் வைத்துவிட்டுப் போக வேண்டும். லினக்ஸில் இதே சந்தேகம் என்றால் "ப்ராசஸர் மேக்ஸ் சிஸ்டேட்" அளவுருவுக்கு 1 கொடுத்துப் பாருங்கள். தடுமாற்றம் நின்றுவிட்டால் காரணம் உறக்க நிலைதான்.

கேள்வி: "ஐஓ-ஏபிக் பிளஸ் டைமர் டஸ்ன்ட் வொர்க்" என்று பேனிக் ஆகி நிற்கிறது. அதுவே "நோஏபிக்" கொடுக்கச் சொல்கிறது. கொடுக்கலாமா?

தற்காலிகமாகக் கொடுக்கலாம். பேனிக்குக்கு முன்னால் கர்னல் பல வழிகளை முயன்றிருக்கும்: ஐஓ-ஏபிக் வழியாக நேராக, பிறகு 8259 வழியாக, பிறகு விர்ச்சுவல் வயர், கடைசியில் எக்ஸ்ட்இன்ட். பூட் வரியில் "ஏபிக் ஈக்வல்ஸ் டீபக்" கொடுத்து, எந்த முயற்சிக்கு என்ன பதில் வந்தது என்று பாருங்கள். "8254 டைமர் நாட் கனெக்டட்" என்ற வரி இருந்தால் பயாஸ் தந்த அட்டவணை தவறாக இருக்கலாம், அல்லது மேலே சொன்னபடி 8254இன் துடிப்பு நிறுத்தப்பட்டிருக்கலாம். பயாஸைப் புதுப்பியுங்கள்; கர்னலையும் புதியதாக்குங்கள். ஏபிக் டைமரின் வேகத்தை வேறு வழியில் அறிய முடிகிற இயந்திரங்களில் புதிய கர்னல்கள் பிஐடியைத் தேடுவதே இல்லை.

நோஏபிக்கோடு நிரந்தரமாக ஓட்டினால் பல சாதனங்கள் 8259இன் சில வழிகளைப் பகிர்ந்துகொண்டு நெருக்கியடிக்கும். அன்றாட வேலைக்கு அது உதவாது.

கேள்வி: குளச்சலில் ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து வாங்கிய பழைய கணினி. ஒவ்வொரு முறையும் தேதி தவறுகிறது, ஆர்டிசி வாசிப்பும் தவறுகிறது. கர்னல் பிழையா?

மூடியைத் திறந்து பாருங்கள். குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி போன்ற கடலோர ஊர்களில் ஓடிய இயந்திரங்களில் நான் முதலில் பார்ப்பது சிஆர்2032 மின்கலத்தின் இருக்கையை. உப்புக்காற்றில் அதன் சிறிய உலோக நாக்கில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். மின்கலம் புதிதாகவே இருக்கும். தொடுமுனை மின்சாரத்தைக் கடத்தாது. புது மின்கலத்தை மாற்றி மாற்றிப் போட்டும் தேதி நிற்கவில்லை என்பவர்களுக்குக் காரணம் இதுதான். மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, மின்கலத்தை எடுத்து, ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தோய்த்த மெல்லிய தூரிகையால் நாக்கைத் துடைத்து, நன்றாக உலர விட்டுப் போடுங்கள். மல்டிமீட்டரில் மின்கலம் 3 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும்.

மென்பொருள் வழியாகவும் இதை அறியலாம். போர்ட் 70க்கு ஹெக்ஸ் 0டி எழுதி, போர்ட் 71ஐ வாசியுங்கள். பிட் 7 பூஜ்யம் என்றால் மின்கலம் விட்டுப்போயிருக்கிறது, உள்ளே இருக்கும் நேரத்தை நம்ப முடியாது. பிட் 7 ஒன்றாக இருந்தும் நேரம் எப்போதாவது மட்டும் பிசகினால், கடிகாரம் தன்னைப் புதுப்பிக்கும் நொடியில் நீங்கள் வாசிக்கிறீர்கள். பதிவேடு 0ஏவின் பிட் 7 அணையும்வரை பொறுத்து வாசியுங்கள். 25ஆம் நிமிடம் 37ஆம் நிமிடமாகத் தெரிந்தால் பிசிடி எண்ணை (ஒவ்வொரு பதின்ம இலக்கத்தையும் நான்கு பிட்டில் தனித்தனியே எழுதும் முறை) அப்படியே சாதாரண எண்ணாக எடுத்துவிட்டீர்கள்.

கேள்வி: ராஸ்பெர்ரி பையில் இவற்றில் எதுவுமே இல்லையே?

இல்லைதான். அங்கே பிஐடியும் கிடையாது, எச்பிஇடியும் கிடையாது. ஆர்ம் செயலியின் பொது டைமர் இருக்கிறது. விவரம் டிவைஸ் ட்ரீ என்ற வன்பொருள் பட்டியலில் வரும். வேகம் சிஎன்டிஎஃப்ஆர்க்யூ பதிவேட்டில் இருக்கும்: பை 3இல் 19.2 மெகாஹெர்ட்ஸ், பை 4இல் 54 மெகாஹெர்ட்ஸ். அந்த எண்ணை எழுதிவைப்பது ஃபர்ம்வேர். பூஜ்யம் வந்தால் ஃபர்ம்வேர் எழுதவில்லை. வன்பொருள் பழுது என்று எண்ண வேண்டாம்.

கேள்வி: எல்லாம் ஓடுகிறது. ஆனால் என் கர்னலின் கடிகாரம் நாளைக்கு ஒரு விநாடிக்கு மேல் பின்தங்குகிறது.

1193182ஐ 100ஆல் வகுத்தால் 11931.82. நீங்கள் எழுதியது 11932. அந்தச் சிறு மீதி நாளொன்றுக்கு 1.3 விநாடி. துடிப்புகளை எண்ணி நேரம் காட்டாமல், ஓடும் எண்ணியை நேரடியாக வாசித்துக் கணக்கிடுங்கள். அதன் பிறகும் எஞ்சும் பிசகு படிகத்துடையது. அதை, வலையமைப்பு வழியாக நேரத்தைச் சரிசெய்யும் என்டிபியிடம் விடலாம்.

கேள்வி: உதவி கேட்டு வரும்போது என்னென்ன கொண்டுவர வேண்டும்?

திரையைக் கைபேசியில் பிடித்த பாதிப் படம் போதாது. கர்னல் பதிவு முழுவதும் வேண்டும், முதல் வரியிலிருந்து. பூட் முடியாமல் நிற்கும் இயந்திரம் என்றால் சீரியல் போர்ட் வழியாக இன்னொரு கணினியில் பதிவைச் சேகரியுங்கள். ஐப்பசி மாத இடிமழையில் இரண்டு கணினிகளையும் சீரியல் கம்பியால் இணைத்தபடி விட்டுப் போகாதீர்கள். ஒன்றில் பாயும் மின்னல் மற்றொன்றையும் கொண்டுபோகும்.

பலகையின் பெயர், பயாஸ் பதிப்பு, செயலியின் பெயர், யுஇஎஃப்ஐயா பழைய முறையா, கொடுத்த பூட் அளவுருக்கள் எல்லாவற்றையும் எழுதி வாருங்கள். சொந்தக் கர்னல் என்றால் மேலே சொன்ன மூன்று கேள்விகளுக்கும் தனித்தனியே பதில் வேண்டும்: எண்ணியை இருமுறை வாசித்தபோது வந்த இரண்டு எண்கள், நீங்கள் கணக்கிட்ட வேகம், 8259இன் 0ஏ, 0பி வாசிப்புகள். ஏசிபிஐ அட்டவணைகளை லினக்ஸில் ஏசிபிஐடம்ப் என்ற கருவியால் எடுத்து ஒரு பென் டிரைவில் போட்டுக்கொள்ளுங்கள். அதில் எம்ஏடிடி இருந்தால், பாதி நேரம் உங்கள் நிரலைத் திறக்காமலே எந்தக் காலில் இன்டரப்ட் நிற்கிறது என்று சொல்லிவிடலாம்.